லோக்கல் ஹீரோ (1983): உங்கள் கேள்விகள், என் பதில்கள்

ஸ்காட்லாந்து இயக்குநர் பில் ஃபோர்சித்தின் 'லோக்கல் ஹீரோ' பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்றிருந்தேன். பாதிப் பேர் உருகியிருக்கிறீர்கள், பாதிப் பேர் "இதில் அப்படி என்ன இருக்கிறது" என்று கேட்டிருக்கிறீர்கள். கதை இதுதான்: ஹூஸ்டனில் இருக்கும் எண்ணெய் கம்பெனி ஒன்று, சுத்திகரிப்பு ஆலை கட்டுவதற்காக ஸ்காட்லாந்துக் கடலோரக் கிராமத்தை அப்படியே விலைக்கு வாங்கிவர மேக் என்ற அதிகாரியை அனுப்புகிறது. முடிவு உட்பட எல்லாம் பேசப்போகிறோம். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

அக்கா, ஒரு மணி நேரம் ஓடியும் ஒன்றுமே நடக்கவில்லை. காமெடி படம் என்றார்களே?

நடக்கிறது தம்பி, சத்தமில்லாமல் நடக்கிறது. மூடுபனியில் மேக்கின் கார் ஒரு முயல்மேல் மோதுகிறது. அவனும் கூட வந்தவனும் அதைப் பரிவோடு தூக்கிக்கொண்டு வந்து, ஆளுக்கொரு பெயர் வைக்கிறார்கள். பிறகு ஓட்டலில் சாப்பாட்டுத் தட்டில் வருவது அந்த முயல்தான். சிரிப்பு வெடிக்கும்படி யாரும் வசனம் பேசுவதில்லை. சட்டகத்தின் ஓரத்தில் யார் என்ன செய்கிறார்கள் என்று பார்க்கப் பழகினால் இரண்டாம் முறை நிறையச் சிரிப்பீர்கள். அந்தப் பழக்கம் எல்லோருக்கும் பிடிக்க வேண்டுமென்று இல்லை.

மேக் ஸ்காட்லாந்து வம்சாவளியா?

இல்லை. மெக்கின்டயர் என்ற குடும்பப் பெயரைப் பார்த்து கம்பெனி அப்படி நினைத்துக்கொள்கிறது. அவனுடைய பெற்றோர் ஹங்கேரிக்காரர்கள், அமெரிக்கா வந்த பிறகு அந்தப் பெயரை வைத்துக்கொண்டவர்கள்.

கிராமத்தார் நிலத்தை விற்கத் துடிப்பது எனக்குப் பெரிய ஏமாற்றம். எதிர்த்துப் போராடியிருக்க வேண்டாமா?

இந்தக் கேள்விதான் அதிகம் வந்தது. நான் இந்தப் படத்தைக் கொண்டாடுவதற்கே காரணம் இதுதான். வழக்கமாகப் பட்டணத்துக்காரன் வில்லன், கிராமத்தார் மண்ணைக் காக்கும் புனிதர்கள். ஃபோர்சித் அந்த வழியில் போகவில்லை.

அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். 1970-களில் வடகடல் எண்ணெயால் ஸ்காட்லாந்துக் கரையில் பணம் புரளத் தொடங்கியது. ஷெட்லாந்துத் தீவுகளின் உள்ளாட்சி மன்றம் 1974-இலேயே தனக்கென்று ஒரு சட்டத்தை வாங்கிக்கொண்டு, எண்ணெய் கம்பெனிகளோடு பேரம் பேசித் தீவுக்கு வருமானம் தேடித் தந்தது. கரையோர மக்கள் ஏமாளிகள் இல்லை. படத்தில் வரும் ஓட்டல்காரர் கோர்டன்தான் ஊருக்கு அக்கவுண்டன்டும். விலை ஏறட்டும் என்று அவசரமே இல்லாதவர்போல இழுத்தடிக்கிறார். காற்றிலும் குளிரிலும் உழைத்துத் தேய்ந்த சனத்துக்கு அழகான கடற்கரை சோறு போடவில்லை. அந்த அழகில் மயங்குவது வெளியூரிலிருந்து வந்த மேக். போதையில் கோர்டனிடம் தன் வேலையையும் காரையும் எடுத்துக்கொண்டு ஓட்டலைத் தரும்படி கெஞ்சுகிறான்.

விற்க மறுப்பவர் கடற்கரைக்குச் சொந்தக்காரரான கிழவர் பென் மட்டும்தான். கைநிறைய மணல் அள்ளி, ஒவ்வொரு மணல் துகளுக்கும் ஒரு பவுண்டு தருவாயா என்கிறார். எக்கச்சக்கமாக இருக்கும் என்று பயந்து மேக் மறுக்கிறான். பத்தாயிரத்துக்கு மேல் இருந்திருக்காது என்கிறார் பென். பிறகு ஊரே திரண்டு அவர் குடிசையை நோக்கி நடந்துவருகிறது. அந்தக் காட்சியைத் திரும்பப் பாருங்கள். மென்மையான கிராமத்துப் படம் என்பவர்கள் அதை மறந்துவிடுகிறார்கள். எண்ணெய் கம்பெனி முதலாளி ஹேப்பரின் ஹெலிகாப்டர் அந்த நேரத்தில் வந்து இறங்காவிட்டால் என்ன ஆகியிருக்கும்?

பெண்களுக்குப் படத்தில் என்ன வேலை, மேடம்?

நியாயமான குறை, எனக்கும் உண்டு. கோர்டனின் மனைவி ஸ்டெல்லாவும் மரீனாவும் ஆண்கள் ஏங்கிப் பார்க்கும் உருவங்களாகவே நிற்கிறார்கள். மரீனாவைக் கடல் ஆய்வாளர் என்கிறார்கள், கால் விரல்களுக்கு இடையே சவ்வு இருப்பதாகக் காட்டுகிறார்கள், ஆனால் அவள் மனத்துக்குள் படம் எட்டிப் பார்ப்பதே இல்லை. "அந்தக் காலம் அப்படி" என்று நான் சமாளிக்கமாட்டேன்.

முடிவு அநியாயம். ஆலை வராது, கடற்கரை பிழைக்கிறது, மேக்கை மட்டும் ஹூஸ்டனுக்குத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள்!

ஸ்டுடியோவுக்கும் அதே வருத்தம்தான். அவன் அங்கேயே தங்கிவிட வேண்டும் என்று கேட்டார்கள். ஃபோர்சித் இறங்கவில்லை. கையில் இருந்த ஒரு ஷாட்டை மட்டும் கடைசியில் சேர்த்தார்: கிராமத்துத் தொலைபேசிப் பெட்டியில் மணி அடிக்கிறது. ஹேப்பருக்கு நினைத்ததைச் செய்யப் பணம் இருக்கிறது, கோர்டனுக்கு ஊர் இருக்கிறது, சம்பளத்துக்கு வந்த மேக்குக்கு இரண்டும் இல்லை. அவனை அங்கே தங்கவைத்திருந்தால் முன்னால் காட்டியதெல்லாம் பொய்யாகியிருக்கும். உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது, படம் உங்களைத் தொட்டதால்தான் அது வந்திருக்கிறது.

அடுத்த வருடம் ஸ்காட்லாந்து போகிறோம். அந்தக் கடற்கரையைப் பார்க்க முடியுமா?

முடியும், ஆனால் ஒரே இடத்தில் இல்லை. வீடுகள் இருப்பது கிழக்கே அபர்டீன்ஷயரின் பென்னன் கிராமத்தில். வெண்மணல் கடற்கரை மேற்குக் கரையில், மொரார் பக்கம் இருக்கும் கமுஸ்தாரக். நடுவில் நாட்டின் முழு அகலமும் இருக்கிறது, இரண்டையும் ஒரே நாளில் திட்டமிடாதீர்கள். பென்னனில் எல்லோரும் போட்டோ எடுத்துக்கொள்ளும் சிவப்புப் பெட்டி, படத்தில் வருவது இல்லை. படத்துக்கு வேறொன்றைச் செய்து வைத்தார்கள்.

இசை யாருடையது?

மார்க் நாஃப்ளர். அவர் இசையமைத்த முதல் படம். நியூகாசில் யுனைடெட் கால்பந்து அணி தன் சொந்த மைதானத்தில் இறங்கும்போது ஒலிப்பது இதன் தீம் இசைதான்.

பிடிக்கவில்லை, ஆனாலும் இந்த இயக்குநருக்கு இன்னொரு வாய்ப்பு தரலாம் என்று இருக்கிறேன். எது?

'கிரகரீஸ் கேர்ள்', 1981. பள்ளிக்கூடக் கால்பந்து அணியில் ஒரு பெண் சேர்ந்து, பையன்களைவிட நன்றாக ஆடுகிறாள். வேகமும் கூடுதல், மேலே நான் ஒப்புக்கொண்ட குறையும் இதில் குறைவு. அதைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.