ஊசி அட்டையில் தேதியை மாதப் பெயரோடு எழுதி வாங்குங்கள்

தம்பி, டெக்ஸாஸ் வந்து இரண்டு வாரம்தான் ஆகிறது, ஏப்ரல் 5-இல் பிறந்த நான் ஆபீஸ் படிவத்தில் நம்ம ஊர்ப்படி 05/04/1998 என்று எழுதிவிட்டேன், தப்பாகிவிடுமா என்று கேட்டிருந்தீர்கள். அடுத்த மாதம் மனைவியும் இரண்டு வயது மகளும் திருமங்கலத்திலிருந்து வருவதாகவும் சொல்லியிருந்தீர்கள்.

ஆமாம், இங்கே அதை மே 4 என்றுதான் படிப்பார்கள். நாளைக்கே போய் 04/05/1998 என்று மாற்றிக் கொடுங்கள். மாதம் முன்னால், நாள் பின்னால். நாம் 26/11 என்று சொல்கிறோம், அவர்கள் 9/11 என்கிறார்கள், அதே கணக்குதான். 13-ஆம் தேதியிலிருந்து குழப்பமில்லை, பதின்மூன்றாவது மாதம் கிடையாது என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் வருடத்தில் 132 நாட்களை இரண்டு விதமாகவும் படிக்க முடியும். உங்கள் பிறந்தநாள் அதில் ஒன்று.

மகள் வருகிறாள் என்பதால்தான் அடுத்ததைச் சொல்கிறேன். என் மகன் 2012 ஜூன் 18-இல் மதுரையில் பிறந்தவன். ஒரு வயது முடிந்ததும் எம்.எம்.ஆர். ஊசி (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்குமான தடுப்பூசி) போட்டோம். அட்டையில் டாக்டர் 02/07/2013 என்று எழுதியிருந்தார், ஜூலை 2. இங்கே பள்ளியில் சேர்க்கப் போனபோது நர்ஸ் அதைப் பிப்ரவரி 7 என்று படித்தார். அப்படிப் பார்த்தால் அவனுக்கு எட்டு மாதம்கூட நிரம்பவில்லை. முதல் பிறந்தநாளுக்கு அவ்வளவு முன்னால் போட்ட எம்.எம்.ஆர். இங்கே கணக்கில் வராது, மறுபடி போடுங்கள் என்றார்கள். எவ்வளவு விளக்கியும் எடுபடவில்லை, காகிதத்தில் இருப்பதைத்தானே அவர்கள் நம்ப முடியும்? ஊரில் அப்பா அந்த வயதிலும் பஸ் ஏறி டாக்டரைப் பார்க்கப் போனார். சித்திரைத் திருவிழா நேரம், தேரோட்டத்தன்று மாசி வீதியில் கால் வைக்க இடமில்லை, கிளினிக்கும் பூட்டியிருந்தது. அழகர் மலைக்குத் திரும்பிய பிறகுதான் கடிதம் கிடைத்தது. மாதத்தை எழுத்தில் எழுதி, சீல் வைத்த கடிதம். அதைக் காட்டியதும் நர்ஸ் ஒரு வார்த்தை மறுக்கவில்லை.

அதிலிருந்து நான் எங்கும் மாதத்தை எழுத்தில்தான் எழுதுகிறேன்: ஜூலை 2, 2013. இங்கே நாளுக்குப் பின் காற்புள்ளி வைப்பார்கள். கம்ப்யூட்டரில் கோப்புகளுக்கு 2013-07-02 என்று பெயர் வைப்பேன். வருடம், மாதம், நாள் என்று எழுதும் ஐ.எஸ்.ஓ. 8601 என்ற சர்வதேச முறை அது, தானாகவே தேதி வரிசையில் நிற்கும். நம்ம ஊர்க் கல்யாணப் பத்திரிகையில் தமிழ்த் தேதி, ஆங்கிலத் தேதி, கிழமை மூன்றும் இருக்கும் அல்லவா? ஒன்று தப்பினால் மற்றது காட்டிக்கொடுக்கும். எனக்கு அந்த முறை மிகவும் பிடிக்கும். அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போது நானும் கிழமையைச் சேர்த்தே சொல்வேன். ஊர் பேங்க் படிவங்களுக்கு மட்டும் பழையபடி நாள்தான் முன்னால், மாற்றிவிடாதீர்கள்.

சரி, இன்றைக்கே மனைவிக்குப் போன் போடுங்கள். மகளின் ஊசி அட்டையைத் திருமங்கலம் டாக்டரிடம் எடுத்துப் போய், ஒவ்வொரு ஊசிக்கும் மாதத்தை ஆங்கிலத்தில் எழுத்தால் எழுதி, கையெழுத்தும் சீலும் வாங்கச் சொல்லுங்கள். பெட்டியில் போட வேண்டாம், கைப்பையில் வரட்டும்.