ஒன்றுமே இல்லாத வெறும் லிஸ்டில் மேக்ஸ், அதாவது மிகப் பெரிய எண், கேட்டால் புரோகிராம் மொழியோடு வரும் லைப்ரரி 0 தரலாமா, எரர்தான் தரவேண்டுமா?

மேக்ஸுக்கும் சராசரிக்கும் 0 தரவே கூடாது என்பது என் கட்சி. பட்டுத்தான் சொல்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் மீனை ஏலம் கூறி விற்கும் ஓரிடத்துக்கு ஒரு சின்ன மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். விளைமீன் கிலோ என்ன விலைக்குப் போனது, கிழமைச் சராசரி என்ன, அவ்வளவுதான். நான் எழுதிய பைதான் மொழியின் சராசரி ஃபங்ஷன் வெறும் லிஸ்டைக் கண்டதும் எரர் எறிந்தது. பெரிய தொல்லை என்று நினைத்து, லிஸ்ட் வெறுமையென்றால் 0 என்று ஒரு வரி சேர்த்துவிட்டேன். ஞாயிறு பூசை நாள், அங்கே யாரும் கடலுக்குப் போவதில்லை. அன்றைய வெறும் லிஸ்டுக்கு வந்த 0 கிழமைக் கணக்கில் சேர்ந்துவிட்டது. ஆறு நாளும் 1200 ரூபாய்க்குப் போன மீனுக்குக் கிழமைச் சராசரி 1028 என்று காட்டியது. வள்ளச் சொந்தக்காரரான சம்மாட்டி ஒருவர் திரையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, ஞாயிற்றுக்கிழமை மீனைச் சும்மாவோ குடுத்தனாங்கள்?"

கூட்டல் அப்படியில்லை. இரண்டு வள்ளத்து மீனைத் தனித்தனியே நிறுத்துக் கூட்டினாலும், ஒன்றாய்க் கொட்டி நிறுத்தாலும் கணக்கு ஒன்றாக வரவேண்டும். ஒரு வள்ளம் வெறுங்கையோடு வந்தால் அதன் கூட்டு 0 ஆக இருந்தால்தான் அது சரிவரும். அதே காரணத்தால் பெருக்கலுக்கு 1. வெறுங்கூடையைக் காட்டி "எல்லா மீனும் நல்லதா?" என்றாலும் ஆம் என்பதுதான் பதில், இல்லையென்பவர் பழுதான மீன் ஒன்றை எடுத்துக் காட்டட்டும். பைதானில் கூட்டித் தரும் சம், எல்லாம் சரிதானா என்று பார்க்கும் ஆல் இரண்டும் இப்படித்தான். தரவுத்தளத்தைக் கேட்கும் மொழியான எஸ்கியூஎல் மட்டும் வரிசையே இல்லாதபோது சம்முக்கு 'நல்' (null), அதாவது மதிப்பே இல்லை, என்கிறது. எண்ணிக்கை சொல்லும் கவுண்டுக்கு ஒழுங்காய் 0 தரத் தெரிந்ததற்கு இது ஏன் என்று எனக்கு இன்றைக்கும் எரிச்சல்.

வெறுமையின் மேக்ஸுக்கு ஜாவாஸ்கிரிப்ட் மொழி மைனஸ் இன்ஃபினிட்டி, அதாவது எந்த எண்ணையும் விடச் சிறியது, தருகிறது. கணிதப்படி சரிதான், ஆனால் அதை விலைப்பட்டியலில் அச்சடித்துப் பாருங்கள்! ரஸ்ட் மொழி 'ஒன்றுமில்லை' என்பதையும் ஒரு பதிலாகவே ஆப்ஷன் என்ற உறையில் வைத்துத் தருகிறது. அதைப் பிரித்துப் பார்க்காமல் எண்ணை எடுக்க முடியாது. எனக்குப் பிடித்தது அதுதான். பைதான் எரர் எறியும், ஆனால் 3.4 பதிப்பு முதல் மேக்ஸுக்கு டிஃபால்ட் என்று நாமே ஒரு மதிப்பைக் கொடுக்கலாம். அதுவும் நியாயம், ஏனென்றால் வெறுமைக்கு என்ன அர்த்தம் என்பது லைப்ரரி எழுதியவருக்குத் தெரியாது.

0 தரச் சொன்ன அந்த வரியை அழித்துவிட்டேன். ஞாயிறு இப்போது சராசரியில் சேர்வதில்லை. கட்டத்தில் "தொழில் இல்லை" என்று வரும்.