பட்டத்துக்கு முன்னால் பெபேயாள்

கேள்வி: நான் பாளையங்கோட்டையில் பி.காம். முடித்தவள். திருமணமாகி டர்பன் வந்து 11 வருடம் ஆகிறது. சாட்ஸ்வர்த்தில் எங்கள் சபையின் பெண்கள் ஐக்கியத்தையும் வாலிபர் வேதபாடத்தையும் நடத்துகிறேன். இங்கே ஒரு வேதாகமப் பள்ளியில் மாலை வகுப்புக்குப் போய் 2 வருட டிப்ளமோவும் வாங்கினேன். இனி முறையாகப் படித்து முழுநேர ஊழியத்துக்கு வர ஆசை. நேராக எம்.டிஎச். (இறையியல் முதுகலை) சேர முடியுமா? எங்கள் சபை மூப்பர் ஒருவரோ, "வெளிநாட்டுக் கல்லூரி ஒன்று 9 மாதத்தில் ஆன்லைனில் டாக்டர் பட்டமே தருகிறதே, எதற்கு இத்தனை பாடு?" என்கிறார். கிரேக்கும் எபிரெயுவும் படித்தே ஆகவேண்டுமா? பிரசங்கமெல்லாம் ஆங்கிலத்தில் நடக்கிற ஊரில் என் தமிழால் படிப்புக்கு ஏதாவது பிரயோஜனம் உண்டா?
- ஒரு சகோதரி, சாட்ஸ்வர்த்

பதில்: சகோதரி, மூப்பர் சொன்னதை முதலில் முடித்துவிடுவோம். தென்னாப்பிரிக்காவில் முனைவர் பட்டம் என்பது 360 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 10 மணி நேர உழைப்பு என்று கணக்கு. ஆக 3,600 மணி நேரம். இதை 9 மாதத்தில் முடிக்க வேண்டுமானால் ஞாயிறு உட்பட தினமும் 13 மணி நேரம் படிக்க வேண்டும். அப்புறம் ஆராதனைக்கு யார் போவது? அந்தக் கல்லூரிக்காரர்களிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "இந்தப் பட்டத்தை எந்த நாட்டின் எந்த அரசு அமைப்பு அங்கீகரித்திருக்கிறது?" உள்ளூர் நிறுவனமாக இருந்தால் கேள்வி இன்னும் சுலபம். இங்கே பதிவான ஒவ்வொரு பட்டத்துக்கும் தேசியத் தகுதி ஆணையமான சாக்வா ஓர் எண் கொடுத்திருக்கும். அதன் இணையதளத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம். தனியார் கல்லூரி என்றால் உயர்கல்வித் துறையில் பதிவும் உயர்கல்வி மன்றத்தின் அங்கீகாரமும் இருக்க வேண்டும். "நாங்கள் பரலோகத்துக்கு மட்டுமே கணக்குக் கொடுக்கிறவர்கள்" என்று பதில் வந்தால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். பொய்த் தகுதி காட்டுவதைக் குற்றமாக்கி, 5 ஆண்டு வரை சிறைக்கு இடம் வைத்து 2019-லேயே இங்கே திருத்தச் சட்டம் கொண்டுவந்துவிட்டார்கள் என்பதையும் மூப்பர் காதில் போட்டுவையுங்கள்.

அடுத்து, நேராக எம்.டிஎச். முடியாது. உங்களிடம் பட்டம் இல்லை என்பதல்ல காரணம். இருக்கிற பட்டம் வேறு துறை, நிலையும் ஒரு படி குறைவு. இங்கே தேசியத் தகுதி வரிசையில் படிகள் இப்படி இருக்கின்றன: மூன்றாண்டு இளநிலை 7-ஆம் நிலை, இளநிலைக்கு மேல் படிக்கும் ஹானர்ஸ் அல்லது முதுநிலை டிப்ளமோ 8-ஆம் நிலை, முதுகலை 9, முனைவர் 10. முதுகலையில் நுழைய 8-ஆம் நிலையைத் தாண்டியிருக்க வேண்டும். அந்த 8-ஆம் நிலையில்தான் உங்களுக்கு இரண்டு வாசல். ஹானர்ஸ் வாசல் குறுகலானது. இளநிலையில் வேதாகமப் பாடத்தையோ இறையியலையோ முதன்மையாகப் படித்தவர்களையே பெரும்பாலும் எதிர்பார்ப்பார்கள். முதுநிலை டிப்ளமோ சற்று அகலம். வேறு துறைப் பட்டதாரிகளையும் சேர்க்கும் இடங்கள் உண்டு. இரண்டுமே 120 கிரெடிட்தான். ஆனால் டிப்ளமோவில் கால் வைக்குமுன், நாளைக்கு எங்கே எம்.டிஎச். படிக்க நினைக்கிறீர்களோ அந்தத் துறைக்கு மின்னஞ்சல் போட்டு, "இந்த டிப்ளமோவை முடித்து வந்தால் சேர்த்துக்கொள்வீர்களா?" என்று கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிவிடுங்கள். விதி கதவைத் திறந்துவைத்தாலும் துறைக்குத் துறை கூடுதல் நிபந்தனை வைப்பார்கள். 1,200 மணி நேரம் உழைத்துவிட்டு "கிரேக்கு இல்லையே" என்ற பதிலைக் கேட்பது கொடுமை.

மாலை வகுப்பு டிப்ளமோ பதிவானதா என்று நீங்கள் எழுதவில்லை. பதிவில்லாததாக இருந்தாலும் வீண் இல்லை. முன்கற்றலுக்கு மதிப்பளிக்கும் முறை ஒன்று இருக்கிறது. நீங்கள் நடத்திய பாடத்திட்டங்கள், எழுதிய கட்டுரைகள், சபையின் கடிதம் எல்லாவற்றையும் ஒரு கோப்பாக வைத்து விண்ணப்பிக்கலாம். ஆனால் ஒரு வகுப்பில் 10 விழுக்காட்டுக்கு மேல் இந்த வழியில் சேர்ப்பதில்லை என்பது பொது விதி. அதை மட்டுமே நம்பி உட்கார வேண்டாம்.

இந்தியப் பட்டம் என்பதால் சாக்வாவின் மதிப்பீட்டுச் சான்றிதழ் வேண்டியிருக்கும். நம்மவர்கள் மாதக்கணக்கில் மாட்டிக்கொள்வது இங்கேதான், அதுவும் பெரும்பாலும் பெயரில். பட்டச் சான்றிதழில் அப்பா பெயரின் முதலெழுத்தும் உங்கள் பெயரும் இருக்கும். பாஸ்போர்ட்டில் அந்த முதலெழுத்து விரிந்து குடும்பப் பெயராக உட்கார்ந்திருக்கும். இங்கே வாங்கிய அடையாள அட்டையில் கணவர் பெயர். மூன்றும் ஒரே ஆள் என்று காட்டத் திருமணச் சான்றிதழும் ஒரு பிரமாண வாக்குமூலமும் விண்ணப்பத்தோடு முதலிலேயே போகட்டும். பட்டச் சான்றிதழ் மட்டும் போதாது. எல்லாப் பருவத்துக்கும் மதிப்பெண் பட்டியல் வேண்டும். ஒன்று தொலைந்திருந்தால் பல்கலைக்கழகத்தில் நகல் வாங்க ஊரில் ஓர் ஆள் நேரில் அலைய வேண்டியிருக்கும். தம்பியோ தங்கையோ இருந்தால் இப்போதே சொல்லிவையுங்கள்.

எங்கே படிப்பது? க்வாஸூலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் இறையியல் பீட்டர்மாரிட்ஸ்பர்க் வளாகத்தில். உங்களுக்கு என்3 சாலையில் ஏறத்தாழ 80 கிலோமீட்டர். வேதாகமத்தைச் சபை மக்களோடு உட்கார்ந்து வாசிக்கும் முறைக்குப் பெயர்போன உஜாமா மையம் அங்கேதான் இருக்கிறது. 2 சாமுவேல் 13-இல் தாமாருக்கு நடந்ததைப் பெண்கள் குழுக்களோடு வாசித்துப் பேசவைத்தவர்கள். பெண்கள் ஐக்கியம் நடத்துகிற உங்களுக்கு அதைவிடப் பொருத்தமான பட்டறை கிடைக்காது. வீட்டை விட்டு அசைய முடியாது என்றால் தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகமான யூனிசாவும், தென்னாப்பிரிக்க இறையியல் செமினரியும் தொலைநிலையில் நடத்துகின்றன. ஊர்ப்பக்கம் போய்ப் படிக்க வீட்டில் சொன்னால், மதுரை அரசரடியில் தமிழிலேயே இறையியல் கற்பிக்கிறார்கள், ஆனால் பி.டி. என்கிற இறையியல் இளநிலை பல ஆண்டு தங்கிப் படிக்கிற படிப்பு, குடும்பத்தோடு யோசியுங்கள்.

எங்கே சேர்ந்தாலும், எம்.டிஎச். இரண்டு விதம் என்பதைக் கவனியுங்கள். 180 கிரெடிட்டும் ஆய்வேடாகவே எழுதுவது ஒன்று. பாடங்களும், குறைந்தது 60 கிரெடிட்டுக்கு ஓர் ஆய்வும் சேர்ந்தது இன்னொன்று. முதலாவதில் வகுப்பே கிடையாது. நெறியாளரும் நீங்களும் மட்டும். ஏற்கெனவே எழுதத் தெரிந்தவர்களுக்கு அது விரைவு. மற்றவர்கள் இரண்டாம் அத்தியாயத்தில் நின்றுபோவார்கள். உங்களுக்குப் பாடங்களோடு உள்ளதுதான் சரி. வாரம் 15 மணி நேரம் ஒதுக்க முடிந்தால் 180 கிரெடிட்டுக்கு 120 வாரம். 10 மணிதான் முடியும் என்றால் 180 வாரம், அதாவது மூன்றரை வருடம். இந்தக் கணக்கைக் கணவரோடும் போதகரோடும் உட்கார்ந்து போடுங்கள். தேர்வு மாதங்களில் வாலிபர் வேதபாடத்தை யார் எடுப்பார் என்பதும் அதிலேயே முடிவாகட்டும்.

இப்போது கிரேக்கு. போதகப் பணிக்கான டிப்ளமோவுக்குக் கட்டாயம் இல்லாமல் இருக்கலாம். வேதாகம ஆய்வில் எம்.டிஎச். என்றால், எந்த ஏற்பாட்டில் ஆய்வு செய்கிறீர்களோ அதன் மூலமொழி (பழையதற்கு எபிரெயு, புதியதற்குக் கிரேக்கு) இல்லாமல் எங்களைக் கேட்டால் சேரவே கூடாது. இன்னொருவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்தைத் தேடுவதுபோல் ஆகிவிடும். பயப்பட வேண்டாம். புதிய ஏற்பாட்டில் வெவ்வேறு சொற்கள் 5,400 அளவில் இருந்தாலும், 50 தடவைக்கு மேல் வருகிற 310 சொற்களே நூலின் ஐந்தில் நான்கு பங்கை அடைத்துக்கொள்கின்றன. வாரம் 20 சொல் என்றால் 16 வாரம். கிரேக்கிலும் தமிழைப்போல் பெயர்ச்சொல் வேற்றுமை ஏற்கும்; வேற்றுமை உருபு என்றால் என்னவென்று பள்ளியிலேயே படித்தவர் நீங்கள். ஆங்கிலம் மட்டும் தெரிந்த மாணவர் முதல் மாதம் முழுக்கத் திணறுகிற இடத்தை ஒரு வாரத்தில் தாண்டிவிடுவீர்கள். உங்களைத் தடுமாறவைப்பது ஆங்கிலத்தின் 'the' போலக் கிரேக்கில் பெயருக்கு முன் வரும் சொல்தான்; தமிழில் அப்படி ஒன்று இல்லை. முதல் வாசிப்புக்கு 1 யோவான் எடுங்கள். எபிரெயர் நிருபத்தில் ஆரம்பித்து மனம் உடைந்தவர்கள் நிறைய. வரிக்கு வரி ஆங்கிலம் போட்ட பதிப்பை முதல் ஆறு மாதம் தொடாதீர்கள். கண் தானாகக் கீழ்வரிக்கு இறங்கிவிடும். வேதாகம ஆய்வாளர் சங்கமான எஸ்.பி.எல். 2010-இல் வெளியிட்ட கிரேக்குப் புதிய ஏற்பாடு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

அரைகுறைக் கிரேக்கின் ஆபத்தையும் சொல்லவேண்டும். யோவான் 21-இல் இயேசு 'அகாபே' அன்பைக் கேட்டார், பேதுரு தாழ்ந்த 'ஃபிலேயோ' அன்பைத்தான் கொடுத்தான் என்ற பிரசங்கத்தைக் கேட்காத சபை உண்டா? பழைய தமிழ் மொழிபெயர்ப்பும் 'அன்பாயிருக்கிறாயா', 'நேசிக்கிறேன்' என்று பிரித்தே வைத்திருக்கிறது. ஆனால் பிதா குமாரனில் அன்பாயிருப்பதைச் சொல்லும்போது அதே யோவான் 3:35-இல் ஒரு வினையையும் 5:20-இல் மற்றதையும் போடுகிறார். பழைய ஏற்பாட்டின் கிரேக்கு மொழிபெயர்ப்பான செப்துவஜிந்தாவோ, தாமாரைக் கெடுத்த அம்னோனின் வெறிக்கும் 'அகாபே' என்றே எழுதுகிறது. சொல்லுக்குள் இறையியலைத் தேடாமல், அது நிற்கிற வாக்கியத்தில் தேடக் கற்பதற்குத்தான் இந்தப் படிப்பு.

உங்கள் தமிழ் எதற்கு உதவும் என்று கேட்டீர்கள். கிரேக்கில் 'நாம்', 'நாங்கள்' இரண்டுக்கும் ஒரே சொல். தமிழில் மொழிபெயர்ப்பவர் ஒவ்வொரு இடத்திலும் முடிவெடுத்தே தீரவேண்டும். மாற்கு 4:38-இல் சீஷர்கள் "நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா" என்கிறார்கள். 'நாம்' என்று போட்டிருந்தால் படகோடு இயேசுவும் மூழ்குவார் என்று அவர்கள் நினைத்ததாகிவிடும். ஆங்கிலத்தில் மட்டும் வாசிக்கிறவருக்கு இப்படி ஒரு கேள்வி இருப்பதே கண்ணில் படாது.

ஆய்வுத் தலைப்பையும் அங்கிருந்தே எடுக்கலாம். முன்மொழிவு திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் காரணம், தலைப்பு ஊர் அகலத்துக்கு இருப்பதே. 'பவுலின் நிருபங்களில் பெண்கள்' என்று போனால் நெறியாளர் பெருமூச்சு விடுவார். ரோமர் 16:1-2, இரண்டே வசனம் போதும். அங்கே பெபேயாள் என்ற பெண் கெங்கிரேயா ஊர்ச் சபையின் 'டியாகொனோஸ்'. கிரேக்கில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வடிவம். நம் பழைய தமிழ் வேதாகமம் 'ஊழியக்காரி' என்கிறது. அதே சொல்லுக்கு 1 கொரிந்தியர் 3:5-இல், பவுலையும் அப்பொல்லோவையும் குறிக்கும்போது, 'ஊழியக்காரர்'. பிலிப்பியர் 1:1-இலோ, சபைப் பொறுப்பாளர்களைக் குறிக்கும்போது, 'உதவிக்காரர்'. ஆங்கிலத்தின் பழைய கிங் ஜேம்ஸ் இந்த மூன்று இடத்திலும் மூன்று வெவ்வேறு சொல் போட்டு, பெபேயாளை வேலைக்காரியாக்கி, பவுலை அவளிடமிருந்து பிரித்துவிட்டது. தமிழ் வாசகருக்கோ அவளும் பவுலும் ஒரே சொல்லில் நிற்கிறார்கள். சபைப் பொறுப்பாளர்கள்தான் வேறு சொல்லுக்குப் போய்விட்டார்கள். இது சபையில் பெண்ணின் பொறுப்பைப் பற்றி மக்கள் நினைப்பதில் ஏதாவது வேறுபாடு செய்திருக்கிறதா? ஓர் எம்.டிஎச். ஆய்வுக்கு இது தாராளம்.

இதில் இரண்டு எச்சரிக்கை. உங்கள் பெண்கள் ஐக்கியத்தாரைப் பேட்டி எடுப்பதாக இருந்தால், பல்கலைக்கழகத்தின் அறநெறிக் குழு ஒப்புதல் கையில் வருமுன் ஒருவரிடமும் கேட்கக் கூடாது. முன்பே கேட்டதைப் பின்னால் சேர்க்க விடமாட்டார்கள். இன்னொன்று, வெளித்தேர்வாளருக்குத் தமிழ் தெரியாது. மேற்கோள் ஒவ்வொன்றுக்கும் தமிழ் எழுத்து, ஒலிபெயர்ப்பு, சொல்லுக்குச் சொல் ஆங்கிலம் என்று மூன்று பத்தியாகக் கொடுங்கள். எந்தப் பதிப்பு என்பதையும் குறியுங்கள்: 1871-இன் ஐக்கிய மொழிபெயர்ப்பிலிருந்து வந்த நம் சபை வேதாகமத்தில் 1 யோவான் 5:7 'பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி' என்று இருக்கும், 1995-இன் திருவிவிலியத்தில் அந்த வரி இராது. காரணம் அடியில் உள்ள கிரேக்கு மூலமே வேறு.

படித்து வாங்கும் பட்டமும் போதகராக அபிஷேக நியமனம் பெறுவதும் வேறு வேறு. தென்னாப்பிரிக்காவில் மெதடிஸ்டு சபை 1976-இலும் ஆங்கிலிக்கன் சபை 1992-இலும் பெண்களுக்குக் குருத்துவ வாசலைத் திறந்தன. உங்கள் சபை எந்தப் பிரிவு என்று நீங்கள் எழுதவில்லை. பெந்தெகொஸ்தே சபை என்றால் விதி சபைக்குச் சபை மாறும். சேர்வதற்கு முன்பே தலைமைப் போதகரிடம் கேளுங்கள், எந்தக் கல்லூரிப் பட்டத்தை ஏற்பார்கள் என்பதையும் சேர்த்து.

சாக்வா பதில் வருகிறவரை கை கட்டிக்கொண்டு இருக்க வேண்டாம். பட்டத்துக்குப் பதியாமல் ஒரே ஒரு பாடத்தை மட்டும் எடுக்க அனுமதி உண்டா என்று பல்கலைக்கழகத்தில் விசாரித்து, முதலாண்டுக் கிரேக்கில் உட்காருங்கள். ஒரு பருவம் போனதுமே ரோமர் 16:1-ஐ நீங்களே எழுத்துக்கூட்டி வாசித்துவிடுவீர்கள். இந்த வாரம் திருமணச் சான்றிதழைத் தேடி எடுங்கள். மதிப்பெண் பட்டியல்கள் ஆறு பருவத்துக்கும் இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள்.