மின்தடை வந்தால் சோலாரும் நிற்கிறதே?

வணக்கம். மொட்டை மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டும், உச்சிவெயிலில் மின்தடை வந்தால் வீட்டில் ஒரு விசிறிகூடச் சுற்றுவதில்லை, இன்வெர்ட்டர் (சோலார் தகடுகளின் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றும் கருவி) பழுதா என்று கேட்டிருக்கிறீர்கள். பழுதில்லை. அது நிற்பதுதான் சரி.

உங்களுடையது பேட்டரி இல்லாமல் மின்வாரிய இணைப்போடு சேர்ந்து ஓடும் வகை. கம்பியில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் இருப்பதைப் பார்த்துத்தான் அது மின்சாரம் அனுப்பும். வரத்து நின்றதும் தானும் நின்றுவிடும். நிற்காவிட்டால் உங்கள் கூரை மின்சாரம் தெருக் கம்பிக்குப் போகும். கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேன் உயிருக்கே ஆபத்து. மின்சாரம் திரும்பிய பிறகும் சற்றுப் பொறுத்தே இணையும், பதறாதீர்கள்.

பழைய யுபிஎஸ்ஸின் வெளியீட்டோடு சோலாரைச் சேர்த்துவிடலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். மிஞ்சும் மின்சாரம் யுபிஎஸ்ஸுக்குள் திரும்பிப் பாய்ந்து அதைக் கெடுத்துவிடும்.

பேட்டரியோடு ஹைபிரிட் இன்வெர்ட்டர் (சோலார், பேட்டரி, மின்வாரிய இணைப்பு மூன்றையும் சேர்த்துக் கையாள்வது) வைக்கலாம், செலவு அதிகம். தடை ஒன்றிரண்டு மணி நேரம்தான் என்றால் தனியாக ஒரு சாதாரண யுபிஎஸ் போதும் என்பேன். கூடவே விசிறிகளை பிஎல்டிசி (குறைந்த மின்சாரத்தில் ஓடும், பிரஷ் இல்லாத டிசி மோட்டார்) வகைக்கு மாற்றுங்கள். பழைய விசிறி 75 வாட் இழுக்கும் இடத்தில் இது 30 வாட் அளவில் சுற்றும். அதே பேட்டரியில் விசிறி இரு மடங்கு நேரம் ஓடும்.