எஸ்ஐபி செய்தியின் ஹெடரும் உள்ளடக்கமும்: கேள்வி பதில்

இணையவழித் தொலைபேசி நிரல் எழுதுவோர் கேட்ட கேள்விகள் இவை. இணையவழி அழைப்புகளைத் தொடங்கவும் முடிக்கவும் பயன்படும் நெறிமுறை எஸ்ஐபி. அதன் செய்தியில் அனுப்புநர் முதலான விவரங்களைத் தாங்கும் வரிகள் ஹெடர்கள், வெற்று வரிக்குப் பின் வருவது உள்ளடக்கம். பதில்கள் பெரும்பாலும் எஸ்ஐபி நெறிமுறையின் அடிப்படை ஆவணமான ஆர்எஃப்சி 3261-ஐ (2002) ஒட்டியவை. ஆர்எஃப்சி என்பது இணைய நெறிமுறைகளை விவரிக்கும் ஆவண வரிசை. எஸ்ஐபி செய்திகளைக் கையாளும் ஆயத்த நிரல் தொகுப்பான பிஜேசிப் நூலகத்தைப் பற்றிக் கேட்டவர்களுக்கு அந்த நூலகத்தை வைத்தே பதில் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: வரும் செய்தியை வரிவரியாகப் பிரித்து, அழைப்பின் அடையாளத்தைத் தரும் "கால்-ஐடி" என்று தொடங்கும் வரியைத் தேடி எடுக்கிறோம். ஒரு சாதனத்திலிருந்து வரும் அழைப்புகளில் மட்டும் அந்த வரி கிடைப்பதே இல்லை. சாதனத்தில் கோளாறா?

பதில்: சாதனத்தைக் குறை சொல்ல இடமில்லை. முழுப் பெயருக்குப் பதிலாக 'ஐ' என்ற ஒற்றை எழுத்தை அது அனுப்பியிருக்கும். நெறிமுறை அனுமதிக்கும் சுருக்கப் பெயர் அது. வயாவுக்கு (செய்தி கடந்து வந்த வழி) 'வி', ஃப்ரமுக்கு (அனுப்புநர்) 'எஃப்', கான்டாக்டுக்கு (தொடர்பு முகவரி) 'எம்', கன்டென்ட்-லெங்த்துக்கு (உள்ளடக்கத்தின் நீளம்) 'எல்' என்று இன்னும் பல உண்டு. ஹெடர் பெயர்களில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடும் கிடையாது. பெயருக்கும் முக்காற்புள்ளிக்கும் நடுவே இடைவெளி வரலாம். ஒரு வரி இடைவெளியுடன் தொடங்கினால் அது முந்தைய ஹெடரின் தொடர்ச்சி. இத்தனையையும் சரத்தேடலில் (எழுத்துத்தொடரைத் தேடுவதில்) சமாளிக்க முயல்வது வீண் வேலை. செய்தியைப் பிரித்துப் படிக்கும் நூலகத்தின் பகுப்பான் இதற்காகவே எழுதப்பட்டது. ஹெடரின் வகையைச் சொல்லிக் கேளுங்கள், எடுத்துத் தரும்.

கேள்வி: உரைச் செய்தி அனுப்பும் மெசேஜ் வகைக் கோரிக்கையில் தமிழில் எழுதி அனுப்பினால் மறுமுனையில் பாதிதான் தெரிகிறது. ஆங்கிலத்தில் அனுப்பினால் முழுதாகப் போகிறது. ஏன்?

பதில்: கன்டென்ட்-லெங்த் பைட்டுகளின் எண்ணிக்கை. நீங்கள் எழுத்துகளை எண்ணிப் போட்டிருக்கிறீர்கள். "வணக்கம்" என்ற சொல்லையே பாருங்கள். கண்ணுக்குத் தெரிவது ஐந்து எழுத்து. புள்ளிகளையும் தனியாகக் கணக்கிடும் யூனிகோடில் அது ஏழு குறிகள். யூடிஎஃப்-8-இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட், ஆக மொத்தம் 21 பைட். நிரல்மொழியின் நீளச் சார்பு தந்த 7-ஐ அப்படியே ஹெடரில் எழுதினால், மறுமுனைக்கு 'வ', 'ண' இரண்டும் சேரும். 'க'வின் முதல் பைட் மட்டும் ஒட்டிக்கொண்டு போய்க் குப்பைக் குறியாகத் தெரியும்.

ஒவ்வொரு பாக்கெட்டும் தனித்தனியாகச் செல்லும் யூடிபி வழியாகச் சென்றால் மிச்சமுள்ள 14 பைட்டுகள் தூக்கி எறியப்படும், அத்தோடு சரி. பைட்டுகள் ஒரே ஓட்டமாகச் செல்லும் டிசிபி வழியாகச் சென்றால் விளைவு மோசம். அங்கே ஒரு செய்தி எங்கே முடிகிறது என்பதை இந்த ஹெடரை வைத்துத்தான் அறிய முடியும். மிச்ச பைட்டுகளை அடுத்த செய்தியின் தொடக்கமாகப் பகுப்பான் எடுத்துக்கொள்ளும். அதன்பின் அந்த இணைப்பில் வருவது எதுவும் ஒழுங்காகப் புரியாது. ஆகவே இந்த எண்ணைக் கையால் எழுதவே எழுதாதீர்கள். உள்ளடக்கத்தை பைட்டுகளாக நூலகத்திடம் கொடுத்துவிட்டால், அனுப்பும் நேரத்தில் அதுவே எண்ணிக்கொள்ளும்.

கேள்வி: ஒரே செய்தியில் மூன்று வயா வரிகள் வருகின்றன. எது என்னுடையது?

பதில்: மேலே இருப்பது கடைசியாகச் செய்தியைக் கடத்தியவருடையது. பதில் உங்களிடம் வந்து சேரும்போது உங்களுடையதுதான் மேலே இருக்கும். வரிசையை மாற்றாதீர்கள். தனித்தனி வரிகளாக வந்தாலும் காற்புள்ளியிட்டு ஒரே வரியில் வந்தாலும் பொருள் ஒன்றே. ஆனால் ஆதரைசேஷன் முதலான சான்றளிப்பு ஹெடர்கள் விதிவிலக்கு, அவற்றை ஒரே வரியாக இணைக்கக் கூடாது.

கேள்வி: பிஜேசிப்பில், அழைப்பு வரும்போது ஃப்ரம் ஹெடரின் சுட்டியை (நினைவகத்தில் அது இருக்கும் இடத்தின் முகவரியை) ஒரு மாறியில் வைத்துக்கொள்கிறேன். சிறிது நேரம் கழித்து அதைப் படித்தால் வேறு யாருடைய பெயரோ இருக்கிறது.

பதில்: வந்த செய்தி உங்களுடையது அன்று, கால்பேக் (செய்தி வந்ததும் நூலகம் அழைக்கும் உங்கள் சார்பு) முடியும் வரைதான் அது உங்கள் கையில். பகுத்தெடுத்த சரங்கள் பெரும்பாலும் வந்து இறங்கிய பாக்கெட்டின் பஃபரையே (தற்காலிக நினைவகத்தையே) சுட்டுகின்றன. வேகத்துக்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். கால்பேக் திரும்பியதும் அதே பஃபரில் அடுத்த பாக்கெட் வந்து அமரும், உங்கள் சுட்டி அதைக் காட்டும். தேவையான ஹெடரை உங்களுக்குச் சொந்தமான நினைவகத் தொகுப்பில் முழுப் பிரதி எடுத்து வையுங்கள். மேலோட்டப் பிரதி எடுக்கும் சார்பு ஒன்றும் உண்டு. அது சரங்களை நகலெடுக்காது என்பதால் இந்தச் சிக்கலுக்கு உதவாது. வேறொரு த்ரெட்டுக்கு (நிரலில் இணையாக ஓடும் இழைக்கு) செய்தியை அனுப்புவதாக இருந்தால், செய்தி முழுவதையும் பிரதி எடுப்பதே பத்திரம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இந்தச் சரங்களின் இறுதியில் பூஜ்ஜியக் குறி இருக்கும் என்று நம்பாதீர்கள். சுட்டியும் நீளமும் தனித்தனியாக இருக்கின்றன. நீளத்தைச் சொல்லாமல் அச்சிட்டால், பெயரைத் தொடர்ந்து பாக்கெட்டின் மிச்சமும் பதிவுக் கோப்பில் கொட்டும்.

கேள்வி: எங்களுக்கே உரிய ஒரு ஹெடரைச் சேர்க்க வேண்டும். பெயர் 'எக்ஸ்-' என்று தொடங்க வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. 2012-இல் வந்த ஆர்எஃப்சி 6648 அந்த வழக்கத்தையே கைவிடச் சொல்கிறது. மற்றவர்களோடு மோதாத பெயராகத் தேர்ந்தெடுத்தால் போதும். புரியாத ஹெடரை மறுமுனை கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். கட்டாயம் புரிந்தே ஆக வேண்டும் என்றால் அதற்கு ரிக்வயர் ஹெடர் இருக்கிறது. அதில் குறிப்பிட்ட நீட்டிப்பை ஏற்காத முனை 420 என்ற பிழை எண்ணுடன் மறுக்கும்.

பயனர் தட்டச்சு செய்ததை ஹெடர் மதிப்பாக வைக்கிறீர்கள் என்றால், வரிமுறிவுக் குறிகளைக் கட்டாயம் நீக்குங்கள். நீக்காமல் விட்டால், வெளியாள் ஒருவர் உங்கள் செய்திக்குள் தன் விருப்பப்படி ஹெடர்களை நுழைத்துவிடலாம். பலர் அலட்சியமாக விடும் இடம் இது. மேலும், பிஜேசிப்பில் ஒருமுறை அனுப்பிய செய்தியைத் திருத்தி மீண்டும் அனுப்பும்போது, பழைய அச்சு வடிவம் (அனுப்புவதற்காகத் தயாரித்து வைத்த பைட்டுகள்) செல்லாது என்று நூலகத்துக்கு அறிவிக்க வேண்டும். இல்லாவிட்டால் சேர்த்த ஹெடர் இல்லாமலே பழைய பைட்டுகள் போகும்.

கேள்வி: உள்ளடக்கத்தின் வகை எஸ்டிபி (அழைப்பின் ஊடக விவரம்) இல்லையென்றால் அழைப்பை மறுத்துவிடுகிறோம். சில நியாயமான அழைப்புகளும் தடைபடுகின்றன.

பதில்: உள்ளடக்கம் பல பகுதிகளாக வந்திருக்கும். அவசர அழைப்பில், ஊடக விவரம் சொல்லும் எஸ்டிபியோடு அழைப்பவரின் இருப்பிடம் எக்ஸ்எம்எல் வடிவில் சேர்ந்து வரும். பழைய தொலைபேசி வலையமைப்பில் அழைப்பை இணைக்கப் பயன்படும் ஐசப் தகவலும் இப்படித்தான் வரும். அப்போது கன்டென்ட்-டைப் 'மல்டிபார்ட்' என்றிருக்கும், பகுதிகளைப் பிரிக்கும் எல்லைச் சரமும் அதிலேயே தரப்படும். ஒவ்வொரு பகுதிக்கும் தனி ஹெடர்கள், ஒரு வெற்று வரி, பிறகு உள்ளடக்கம். இந்த அமைப்பைப் புரிந்துகொள்வது கட்டாயம் என்று 2009-இல் வந்த ஆர்எஃப்சி 5621 வரையறுத்திருக்கிறது.

பகுதிகளைப் பிரித்தபின் எஸ்டிபியைத் தேடி எடுங்கள். புரியாத பகுதியின் கன்டென்ட்-டிஸ்பொசிஷன் 'ஆப்ஷனல்' என்று சொன்னால் அதைத் தாராளமாக விட்டுவிடலாம். கட்டாயம் என்றிருந்து உங்களால் கையாள முடியாவிட்டால் மட்டும் 415 என்று மறுத்து, எந்த வகைகளை ஏற்பீர்கள் என்பதை அக்செப்ட் ஹெடரில் சொல்லுங்கள். வகைப் பெயரை ஒப்பிடும்போதும் கவனம் தேவை. பின்னால் அரைப்புள்ளியிட்டு அளபுருக்கள் (கூடுதல் விவரங்கள்) வரலாம். மொத்தச் சரத்தையும் ஒப்பிட்டால் பொருந்தாது.

கேள்வி: ஹெடர்கள் பெருகியதும் யூடிபியில் செய்திகள் காணாமல் போகின்றன.

பதில்: பாதையின் பாக்கெட் வரம்பு தெரியாதபோது, 1300 பைட்டைத் தாண்டும் கோரிக்கையை டிசிபி போன்ற வழியில்தான் அனுப்ப வேண்டும். துண்டாடப்பட்ட யூடிபி பாக்கெட்டுகளைப் பல ஃபயர்வால்கள் தடுத்துவிடும்.

கேள்வி: எஸ்டிபிக்குள் இருக்கும் ஐபி முகவரியை மட்டும் சரமாற்றம் செய்தால் போதுமா?

பதில்: போதாது. அந்த முகவரி அமர்வு நிலையிலும் வரலாம், ஒவ்வொரு ஊடகத்தின் கீழும் வரலாம். நடந்துகொண்டிருக்கும் அழைப்பில் எஸ்டிபியைத் திருத்தினால் அமர்வை அடையாளப்படுத்தும் 'ஓ' வரியின் பதிப்பு எண்ணை ஒன்று கூட்ட வேண்டும். ஓர் ஊடகம் வேண்டாமென்றால் எஸ்டிபியில் அதைக் குறிக்கும் 'எம்' வரியை அழிக்கக் கூடாது, போர்ட்டை 0 ஆக்க வேண்டும். நூலகத்தின் எஸ்டிபி கட்டமைப்பில் மாற்றி, அதையே மீண்டும் அச்சிடச் செய்யுங்கள்.

கேள்வி: பகுப்பானைச் சோதிக்க நல்ல மாதிரிச் செய்திகள் எங்கே கிடைக்கும்?

பதில்: ஆர்எஃப்சி 4475-ஐ எடுங்கள். 2006-இல் வெளியான அந்த ஆவணம் முழுக்க முழுக்கச் சோதனைச் செய்திகள்தான். விசித்திரமாகத் தோன்றினாலும் சரியானவையும் உண்டு, பார்வைக்கு ஒழுங்காக இருந்தும் பிழையானவையும் உண்டு. அங்கே முதலில் வரும் செய்தியை ஏற்றுக்கொள்கிறதா என்று பாருங்கள். மடிந்த வரிகளும் சுருக்கப் பெயர்களும் தாறுமாறான இடைவெளிகளும் அந்த ஒன்றிலேயே இருக்கின்றன.