முதலாளியும் 61 கைகளும்

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் வயிற்றுக்குள் இருக்கிற லெசோதோ நாட்டில், சாம் மத்தெகானே என்ற கோடீஸ்வரத் தொழிலதிபர் கட்சி ஆரம்பித்து ஏழே மாதத்தில் பிரதமர் ஆனாராமே! சொந்த ஊருக்குப் பள்ளிக்கூடம் கட்டிக்கொடுத்தவர், திருட வேண்டிய அவசியமே இல்லாதவர். கம்பெனி நடத்தத் தெரிந்தவருக்கு நாடு நடத்தவா தெரியாது? அரசியல்வாதிகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு இப்படிப்பட்டவர்களைக் கொண்டுவந்தால் என்ன?

பதில்: ஏழு மாதக் கணக்கு சரிதான். 2022 மார்ச்சில் கட்சி, அக்டோபர் 7-ல் தேர்தல், 28-ல் தலைநகர் மசேருவின் மைதானத்தில் பதவியேற்பு. கட்சியின் பெயர் 'ரெவல்யூஷன் ஃபார் ப்ராஸ்பெரிட்டி'. வளம் வரட்டும் என்று புரட்சி. பெயரிலேயே முதலாளி வாடை அடிக்கிறது, போகட்டும்.

மக்கள் ஏன் ஓட்டுப் போட்டார்கள் என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை. 2012, 2015, 2017 என்று ஐந்து வருடத்தில் மூன்று தேர்தல் பார்த்த நாடு அது. எந்தக் கூட்டணியும் முழுசாக ஓடவில்லை. டாம் தபானே பிரதமராக இருந்தபோது, அவரைப் பிரிந்து வாழ்ந்த மனைவி சுட்டுக் கொல்லப்பட்ட வழக்கில் போலீஸின் சந்தேகம் அவர் பக்கமே திரும்பியது. 2020-ல் அவர் பதவி விலகினார். (அவர் குற்றச்சாட்டை மறுத்தார், வழக்கும் பிறகு கைவிடப்பட்டது.) இந்தக் கூத்தையெல்லாம் பார்த்தவனிடம், பதினான்கு பிள்ளைகள் பிறந்த மலைக்கிராமத்து வீட்டிலிருந்து எழுந்து வந்து வைர முதலாளி ஆன ஒருவர் கை கூப்பினால், போடத்தான் செய்வான். நானாக இருந்தாலும் போட்டிருப்பேன்.

ஆனால் 'திருட அவசியம் இல்லாதவர்', 'அரசியலுக்கு வெளியே இருந்து வந்தவர்' என்கிறீர்களே, அங்கேதான் கொஞ்சம் நில்லுங்கள்.

லெசோதோவில் லெட்செங் என்று ஒரு வைரச் சுரங்கம். கடல்மட்டத்துக்கு 3,100 மீட்டர் மேலே, குளிர்காலத்தில் பனி கொட்டுகிற இடம். தோண்டுகிற மண்ணில் வைரம் மிகக் குறைவு. ஆனால் கிடைத்தால் பெரிசாகக் கிடைக்கும். 2018-ல் 910 காரட்டில் ஒரு கல் அகப்பட்டது. அந்தச் சுரங்கத்தில் 70 சதவீதம் ஒரு லண்டன் கம்பெனிக்கு, 30 சதவீதம் லெசோதோ அரசுக்கு. பாறையை உடைத்து லாரியில் ஏற்றிவிடுகிற ஒப்பந்தம் பல வருடம் யாரிடம் இருந்தது? மத்தெகானேயின் நிறுவனத்திடம். அவருடைய குழுமம் சாலை போட்டது, கட்டடம் கட்டியது. இருபத்து மூன்று லட்சம் பேர் இருக்கிற நாட்டில் சாலை போடச் சொல்லிப் பில் பாஸ் பண்ணுவது யார்? அரசாங்கம்தான். ஆக, கட்சிக்காரர்களுக்கு அவர் புது ஆள். கருவூலத்துக்குப் பழைய ஆள். இதை வைத்து அவரைத் திருடர் என்று நான் சொல்லவில்லை. டெண்டர் கேட்கிற பக்கம் முப்பது வருடம் உட்கார்ந்திருந்தவர், டெண்டர் திறக்கிற நாற்காலிக்கு வந்திருக்கிறார் என்கிறேன். அவர் கம்பெனி ஆரம்பித்தது 1986-ல். அதே வருடம் ஜனவரியில் அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. எந்த ஆட்சி வந்தாலும் தொழில் செய்யத் தெரிந்தவர் என்பதுதான் அவருடைய பெரிய தகுதி என்று எனக்குப் படும்.

அப்புறம், கம்பெனியும் நாடும் ஒன்றா என்ற கேள்வி. கம்பெனியில் முதலாளி சொன்னால் முடிந்தது. லெசோதோ நாடாளுமன்றத்தில் 120 இடம். ஆட்சிக்கு 61 கை வேண்டும். மத்தெகானேயின் கட்சிக்குக் கிடைத்தது 56. ஐந்து கை குறைந்ததால் இரண்டு சின்னக் கட்சிகளைச் சேர்த்து 65 ஆக்கினார். ஆரம்பம் நன்றாகவே இருந்தது. 15 அமைச்சர்கள் போதும் என்று மந்திரிசபையைச் சுருக்கினார், பாராட்டலாம். ஆனால் மந்திரி பதவி குறைந்தால் மனத்தாங்கல் கூடும் என்பது கம்பெனிக் கணக்கில் வராத செலவு. அந்த நாட்டில் உறுப்பினர்கள் கட்சி தாவுவது தினசரி நடக்கிற சமாச்சாரம். ஒரு வருடத்துக்குள், 2023 அக்டோபரில், நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்துவிட்டது. சொந்தக் கட்சியிலேயே சிலர் நழுவினார்கள்.

அப்போது நடந்ததுதான் எனக்கு உறுத்துகிறது. ராணுவத் தளபதி, போலீஸ் தலைவர், உளவுத்துறைத் தலைவர் மூவரும் சேர்ந்து வந்து, இந்த ஆட்சியைக் கவிழ்க்க விடமாட்டோம் என்று அறிக்கை விட்டார்கள். நாடாளுமன்றத்தில் எத்தனை கை தூக்க வேண்டும் என்பதில் சீருடைக்கு என்ன வேலை? 1986-ஐப் பார்த்த நாடு, 2014-ல் இன்னொரு ராணுவக் கலாட்டாவையும் பார்த்த நாடு. கோர்ட்டில் வழக்கு இருக்கிறது என்று தீர்மானம் தள்ளிப்போனது. பிரதமர் பிழைத்தார். ஓட்டில் ஜெயித்துப் பிழைத்திருந்தால் நானும் உங்களோடு சேர்ந்து கைதட்டியிருப்பேன்.

எல்லாப் பழியையும் அவர் தலையில் போடுவதும் நியாயமில்லை. 2025-ல் டிரம்ப் லெசோதோவை 'யாருமே கேள்விப்படாத நாடு' என்று கேலி செய்தார். அடுத்த மாதம் 50 சதவீத வரி அறிவித்தார். பிறகு அது 15 ஆனது. அதற்குள் அமெரிக்காவுக்கு ஜீன்ஸ் தைத்துக்கொண்டிருந்த ஆலைகளில் ஆர்டர் படுத்துவிட்டது. எந்த எம்.டி.யாலும் இதைத் தடுத்திருக்க முடியாது. ஜூலையில் இளைஞர் வேலையின்மையைச் சொல்லியே தேசியப் பேரிடர் நிலை அறிவித்தார்கள். அது 2027 ஜூன் வரை.

ஆனால் அதற்கு முந்தைய மாதம், 'வேலை தருகிறேன் என்றீர்களே, எங்கே?' என்று பிரதமரைக் கேட்டு வீடியோ போட்ட ஓர் இளைஞரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனதற்கும் டிரம்புக்கும் என்ன சம்பந்தம்? கம்பெனியில் இப்படிக் கேட்டால் சீட்டுக் கிழியும். இங்கே கேட்டவர் சிப்பந்தி இல்லை, ஓட்டுப் போடுகிறவர். அவர் மறுபடி ஓட்டுப் போடுகிற வருடமும் 2027-தான்.