உப்பும் ஒரு படியும்

கேள்வி: எங்களுக்குக் கலியாணமாகி 14 வருஷம். கொஞ்ச நாளாக மனைவி எதற்கெடுத்தாலும் வாய் காட்டுகிறாள். சுபஹுத் தொழுகைக்கு நான் எழும்புமுன் சுடுதண்ணீர் வைப்பாள், அதில் குறையில்லை. ஆனால் கறியில் உப்புக் கூடிவிட்டது என்று பிள்ளைகள் முன்னால் சொன்னதற்கு ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. ஆண்களுக்கு ஒரு படி உயர்வு என்று குர்ஆனே சொல்கிறதே. அவளுக்கு உறைக்கிற மாதிரி நாலு வார்த்தை எழுதுங்கள்.
– பெயர் வேண்டாம், நுவரெலியா

பதில்: நாலு வார்த்தை இருக்கிறது, உங்களுக்கு.

அந்த ‘ஒரு படி’ குர்ஆனின் அல்பகரா அத்தியாயம் 228ஆம் வசனத்தின் பிற்பகுதியில் வருகிறது. பெண்களுக்குக் கடமைகள் இருப்பதுபோல முறைப்படி உரிமைகளும் உண்டு என்பது அதற்கு முந்திய வரி. அதை எப்படித் தாண்டிப் போனீர்கள்? தவிர, அது தலாக்கை, அதாவது மணவிலக்கைப் பற்றிய வசனம். உப்பைப் பற்றியதல்ல.

உங்கள் வழக்கு நபித்தோழர் உமர் (ரலி) அவர்களுக்கும் வந்தது. மக்காவில் உமரின் குலமான குறைஷி ஆண்கள் வைத்ததுதான் சட்டம். மதீனா வந்ததும் அந்த ஊர் அன்ஸாரிப் பெண்களைப் பார்த்து இவர்கள் வீட்டுப் பெண்களும் எதிர்த்துப் பேசப் பழகிவிட்டார்கள். ஒரு நாள் உமர் சத்தம் போட, மனைவி திருப்பிப் பேசினார். உமருக்குப் பொறுக்கவில்லை. “நான் பேசினால் மட்டும் பெரிய விஷயமா? நபியின் மனைவியரே அவருக்குப் பதில் பேசுகிறார்கள். இரவு வரைக்கும் முகம் கொடுக்காமல் இருப்பவரும் உண்டு” என்றார் அந்த அம்மா. பதறிப்போய், நபியின் மனைவியரில் ஒருவரான தன் மகள் ஹஃப்ஸாவிடம் ஓடினார் உமர். ஆமாம் என்றார் மகள். புகாரி ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. உங்கள் வீட்டில் நடந்த அந்த ஒரு நாள் மௌனம் நபியவர்களின் வீட்டிலும் நடந்திருக்கிறது. அவர்கள் யாருக்கும் கடிதம் எழுதவில்லை.

உப்புக்கு வருவோம். நபி (ஸல்) எந்த உணவையும் குறை சொன்னதே இல்லை. பிடித்தால் சாப்பிடுவார்கள், பிடிக்காவிட்டால் விட்டுவிடுவார்கள் என்கிறார் அபூஹுரைரா (ரலி). இதுவும் புகாரிதான். சோற்றுக்கோப்பையில் கை வைத்தபடி பிள்ளைகள் வாப்பாவின் முகத்தையும் உம்மாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்திருப்பார்களே, அதைக் கவனித்தீர்களா?

ஜனவரியில் புல்லில் பனி உறைகிற ஊர் உங்களுடையது. அந்தக் குளிரில் உங்களுக்கு முன்னால் எழும்பி அடுப்படிக்குப் போகிறவர், ‘குறையில்லை’ என்ற ஒரு சொல்லோடு முடிந்துபோகிறார். இப்படி ஒரு வரியை உப்புக்கும் ஒதுக்கியிருக்கலாம்.

அவர் உங்களை நாலு பேர் முன் தாழ்த்திப் பேசினால் அதுவும் பிழைதான். அப்படி நீங்கள் எதுவும் எழுதவில்லை.

அவருடைய பக்கத்தையும் கேட்க ஆசை. எழுதச் சொல்லுங்கள். பிரித்துப் பார்க்காமல் தபாலில் சேர்ப்பது உங்கள் பொறுப்பு.